முப்பத்தொன்றாம் எண் ரத்தம்

பிகுன் அக்காவோடு ஒரே அறையில் வேலை பார்ப்பது லேசான காரியமில்லை. நாற்காலியில் உட்கார மாட்டார். நாம் உட்கார்ந்தால் முறைப்பார். கையுறை போட்ட கையால் மூக்கைச் சொறிந்தால் தொலைந்தோம். ரத்தத்தைப் பிரிக்கும் மேசைக்குப் பக்கத்தில் யாராவது தலையைக் கோதிவிட்டால் அவர் போடும் சத்தம் வராந்தாவின் கடைசி வரைக்கும் கேட்கும். "நாளைக்கு மெஷின் உன் பொடுகைத்தான் படிக்கும். நோயாளி ரத்தத்தை எப்போ படிக்கிறது?" என்பார். அது உண்மைதான். எங்கள் வேலையில் தோலிலிருந்து உதிரும் ஒரு துணுக்கு போதும், ஒரு வாரப் பாடு குப்பைக்குப் போக.

எங்கள் ஆய்வுக்கூடம் கொன் கேன் நகரத்தில், ஒரு ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டில் இருக்கிறது. நாங்கள் தேடுவது ஒரே ஒரு நோயை. பித்தநாளப் புற்று. ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாயும் வறுத்த அரிசிப் பொடியும் சிவப்பெறும்பும் போட்டுப் பிசைந்தால் அதற்குப் பெயர் கோய் பிளா. அந்த மீனுக்குள் இருக்கும் புழு நம் கல்லீரலில் போய்க் குடியேறிவிடும். பல வருஷம் ஒன்றும் செய்யாது. பிறகு ஒருநாள் கண் மஞ்சளாகும். கண் மஞ்சளான பிறகு எங்களிடம் வந்து பிரயோஜனமில்லை. அதனால் கண் மஞ்சளாவதற்கு முன்பே ரத்தம் ஏதாவது சொல்லுமா என்று பார்க்கிறோம்.

ரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பொடிப்பொடியாக நறுக்கி, இயந்திரத்துக்குள் பறக்கவிட்டு, ஒவ்வொரு துண்டின் எடையையும் பார்த்தால் எந்தப் புரதம் கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று தெரியும். நோயாளி ரத்தம் ஒரு மாதிரி இருக்கும், நோயில்லாதவர் ரத்தம் வேறு மாதிரி. நோயில்லாதவரை நாங்கள் நல்லவர் என்போம். நறுக்குவது அக்கா. பறக்கவிடுவது நான். என் பெயர் சித். இயந்திரத்தின் விலை ஒரு வீட்டின் விலை, குணமோ குழந்தையுடையது. அதற்குத் தினமும் மல்லிகைச் சரம் போட்டு, சிவப்பு சோடா ஒரு பாட்டில் படையலாக வைக்கிறோம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் வைக்காத அன்றைக்கு அது ஓடியதும் கிடையாது.

அக்காவுக்கு ஊர் நோங் தூம், சீ ஆற்றங்கரை. அப்பா இந்த நோயில்தான் போனார். அதே வருஷம் இதே ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற வேலைக்கு வந்து சேர்ந்தவர், மாலை வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கி, மேசைக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "கல்லீரலைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு இருக்கிற எடமே மறந்துபோச்சு" என்று சிரிப்பார். இருபத்தைந்து வருஷமாகப் பச்சை மீன் தொட்டதில்லை. இத்தனைக்கும், அவருடைய ஒரே அண்ணன் கம்சிங், நோங் தூமிலேயே மிகப் பிரமாதமாகக் கோய் பிளா பிசைகிறவர் என்று பெயர் வாங்கியவர்.

போன குளிர்காலத்தில் எங்களுக்கு நல்லவர்களின் ரத்தம் தேவைப்பட்டது. நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. மூன்று ஊர்களுக்குப் போனோம். காமாலை இல்லை, வலி இல்லை, மலத்தில் புழு முட்டை இல்லை என்றால் அவர் நல்லவர் என்று வைத்துக்கொண்டோம். நோங் தூமில் ஒரு ஆள் வரவில்லை. அக்கா உடனே அண்ணனுக்குப் போன் போட்டார். "சும்மாதானே கெடக்க? வந்து கையை நீட்டிட்டுப் போ."

அவர் வந்தார். கையை நீட்டினார். "தங்கச்சி, பாத்து எடு. இதுல பாதி சாராயம்" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். மலத்தில் ஒரு முட்டைகூட இல்லை. எப்படி இருக்கும்? ஒவ்வொரு வருஷமும் அக்காவே புழு மாத்திரை கொண்டுபோய், எதிரில் நின்று விழுங்க வைப்பாரே. ரத்தம் பிடித்த குழாய்களில் எண் மட்டும் ஒட்டினோம். எந்த எண் யாருடையது என்பது நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் விசுத்தின் பூட்டிய அலமாரியில் போய்விட்டது. எங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் பொய் சொல்லும்.

வெயில் ஏறிய மார்ச்சில் முடிவு திரையில் வந்தது. நோயாளிகள் சிவப்புப் புள்ளி, நல்லவர்கள் பச்சை. சிவப்பெல்லாம் இடது பக்கம் கூட்டமாகப் போய் நின்றது, பச்சை வலது பக்கம். நான் எழுந்து கத்தியிருப்பேன். அதற்குள் அதைப் பார்த்துவிட்டேன். இடது பக்கச் சிவப்புக் கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு பச்சை. எண் முப்பத்தொன்று.

பார்த்ததும் நான் அக்காவைத்தான் திட்டினேன். நல்ல முடிவைக் கெடுத்தால் எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வரும்.

"ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறீங்களேக்கா, இது உங்க தோலுதான். பாருங்க."

"பாரு, நல்லாப் பாரு. தோல் புரதம் எங்க இருக்கு, காட்டு."

பார்த்தேன். சுத்தமாக இருந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

எங்கள் தலைவி அஜான் ரட்சனி வந்தார். பேராசிரியர்களை நாங்கள் அஜான் என்றுதான் கூப்பிடுவோம். திரையைக் குனிந்து பார்த்தவர் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

"ஒரு குழாய் கெட்டுப்போயிருக்கு. வெயில்ல நின்னிருக்கும். அதை எடுத்துடுங்க. அடுத்த மாசம் நான் இதை மாநாட்டுல கொண்டுபோய்ப் பேசணும்."

"கெட்டுப்போனது குழாய்தான்னு எப்படித் தெரியும் அஜான்?" என்றார் அக்கா. "ஆளா இருந்தா?"

"ஆளா இருந்தா, நோய் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே நம்ம மெஷின் கண்டுபிடிச்சிருச்சுன்னு அர்த்தம். அப்படி நடந்தா நான் டான்ஸ் ஆடுவேன்."

"நீங்க ஆடுங்க. அந்த ஆளு?"

அஜான் திரையை மறுபடி பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் மூன்று வருஷ உழைப்பு திரையில் பளிச்சென்று நிற்கும்போது ஒரு புள்ளிக்காக அதைத் தள்ளிப்போட யாருக்கு மனசு வரும்? "மாத்துக் குழாய் ஃப்ரீசர்ல இருக்கில்ல? அதை ஓட்டுங்க. அதுவும் இப்படியே வந்தா பேசலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒவ்வொருவரிடமும் இரண்டு குழாய் எடுத்திருந்தோம். அக்கா இரண்டாவதை எடுத்து உருக வைத்தார். அதில் ஒட்டியிருந்த எண்ணை இரண்டு தரம் படித்தார். நறுக்கும் நொதியை ஊற்றிவிட்டு அது வேலை செய்யக் காத்திருந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பச்சைப் புள்ளியில எங்க ஊரு ஆளுங்க பன்னெண்டு பேரு. அதுல எங்கண்ணன் ஒருத்தன்."

"பன்னெண்டுல ஒண்ணுதானேக்கா. வேற ரெண்டு ஊரும் இருக்கு."

"அப்போ அது வேற யாரோட அண்ணனோவா இருக்கணும்னு வேண்டிக்கச் சொல்றியா? அதையும் பண்ணிப் பாத்துட்டேன். அசிங்கமா இருக்கு."

நான் எழுந்து போய் மல்லிகைச் சரத்தை மாற்றினேன். மறுநாள் மதியம் இரண்டாவது குழாய் ஓடி முடிந்தது. புள்ளி திரையில் வந்து விழுந்தபோது நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே இடம். சிவப்புக்கு நடுவில், ஒரு மயிரிழை கூட நகராமல். அஜான் நேராகப் போய், எண் யாருடையது என்று பார்க்க அனுமதி கேட்டு ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார். மாநாட்டுப் பேச்சையும் தள்ளிப்போட்டார். அதற்காக அவருக்கு நான் இன்றும் மரியாதை வைத்திருக்கிறேன்.

அனுமதி வந்தது, டாக்டர் விசுத் அலமாரியைத் திறந்தார். சம்பந்தப்பட்டவரிடம் மட்டும்தான் சொல்லலாம் என்பது சட்டம். இரண்டு நாள் கழித்து டாக்டர் எங்கள் கூடத்து வாசலில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"பிகுன், நோங் தூம்ல ஒருத்தர் உடனே ஸ்கேனுக்கு வரணும். போன் பண்ணா, நான் நல்லாத்தான் இருக்கேன்னு வெச்சிடறார். இப்போ எடுக்கிறதே இல்ல. பேரு நான் சொல்லக் கூடாது..."

"சொல்ல வேண்டாம் டாக்டர். அது எங்கண்ணன்தானே?"

டாக்டர் தரையைப் பார்த்தார். அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக ஆய்வுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாளே சொங்க்ரான் விடுமுறை. ஊர் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விளையாடுகிற புத்தாண்டு நேரத்தில் என் பிக்கப் வண்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு நோங் தூமுக்குப் போனேன். வழியெல்லாம் பிள்ளைகள் வாளி வாளியாகத் தண்ணீரை வண்டி மேல் வீசினார்கள். அக்கா கண்ணாடியை ஏற்றக்கூட இல்லை. நனைந்துகொண்டே, "ஆபரேஷன்னு அப்பாவை வெட்டினாங்க, அதனாலதான் செத்தாருன்னு அண்ணன் நெனைக்கிறான். ஊரே அப்படித்தான் நெனைக்குது. ஆஸ்பத்திரில போய்ப் பாக்கலன்னா நோயே இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நாலு பேர் எதிரில் விஷயத்தைச் சொல்லவும் முடியாது. சொல்லாமல் அவரைக் கிளப்பவும் முடியாது. அக்காவுக்கு வழி தெரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு முன்னால் மாமரத்தடியில் பாய் விரித்து ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கம்சிங், பெரிய பேசினில் பிசைந்துகொண்டு. நன்றாகத்தான் இருந்தார். அதுதான் கொடுமை. கறுத்த வலுவான உடம்பு, வெள்ளைக் கண்.

"ஆஸ்பத்திரிக்காரி வந்துட்டா, தட்டை மூடுங்கடா!" என்று கத்தினார். ஒரே சிரிப்பு.

"அண்ணே, உள்ள வா. ஒரு நிமிஷம் பேசணும்."

"இங்கயே பேசு. எல்லாம் நம்ம ஆளுங்கதான். புழுவைப் பத்திதானே? எலுமிச்சை பிழிஞ்சாச்சு, எறும்பு போட்டாச்சு, மேல வெள்ளைச் சாராயம் ஊத்தப் போறோம். அதுக்கப்புறமும் ஒரு புழு உசுரோட இருந்தா, அது என்னைவிட ஆம்பள."

மறுபடி சிரிப்பு. பக்கத்தில் இருந்த பல்லில்லாத ஒருவர் எடுத்துக் கொடுத்தார்: "அப்படியே இருந்தாலும் நமக்கென்ன பயம்? தங்கச்சிதான் வருஷா வருஷம் மாத்திரை கொண்டுவருதே. தின்னு, முழுங்கு, மறுபடி தின்னு!"

அக்கா அசையாமல் நின்றார். அந்த மாத்திரை புழுவைக் கொல்லும். புழு அரித்து வைத்த இடத்தை ஆற்றாது. அதை இருபத்தைந்து வருஷமாகத் தெரிந்தவர் அவர். அந்த மாத்திரையை நம்பித்தான் இந்தப் பாயில் எல்லோரும் தைரியமாகத் தின்றுகொண்டிருந்தார்கள் என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. எனக்கும்தான்.

அவர் செருப்பைக் கழற்றினார். பாயில் போய் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார். மூங்கில் கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றை ஒரு பிடி எடுத்து உருட்டினார். பேசினுக்குள் அழுத்தி, பச்சை மீனை வழித்து எடுத்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா!" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னல்ல? நானும் சாப்பிடறேன். வருஷக்கணக்கா ஆசையா இருக்கு."

உருண்டை உதட்டுக்குப் போனது. கம்சிங் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டார். சோறும் மீனும் மண்ணில் போய் விழுந்தன. கோழி ஒன்று ஓடி வந்தது. அவர் அதையும் செருப்பால் அடித்து விரட்டினார்.

"நீ திங்காத!"

"ஏன்?"

"திங்காதன்னா திங்காத!"

"ஏண்ணே? எலுமிச்சைதான் பிழிஞ்சாச்சே."

அவருக்கு மூச்சு வாங்கியது. சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் அவர் தலையைக் குனிந்துகொண்டு மெல்லப் பேசினார்.

"அப்பாவை நான்தானே குளிப்பாட்டினேன். உடம்பெல்லாம் மஞ்சள். துடைக்கத் துடைக்கப் போகல. அது மறந்துபோச்சுன்னு நெனச்சியா?"

"தெரிஞ்சுமா திங்கிற?"

"எல்லாரும் திங்கறப்போ நான் மட்டும் எந்திரிச்சுப் போனா, பயந்துட்டேன்னு ஆயிடும். நான் பயந்துட்டேன்னா, அது நெசம்னு ஆயிடும் பிகுன்."

அவர் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து, "என் ரத்தத்துல என்ன இருந்துச்சு?" என்றார்.

"டாக்டர் சொல்லுவாரு."

"உன் மூஞ்சியே சொல்லுது. வண்டியை எடுக்கச் சொல்லு."

விடுமுறையிலும் ஸ்கேன் அறையைத் திறந்து வைத்திருந்தார் டாக்டர் விசுத். கல்லீரலின் இடது பக்கத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நிழல். பெரிய ஸ்கேனும் அதையே சொன்னது. வேறெங்கும் பரவினதாகத் தெரியவில்லை, வெட்டலாம் என்றார் அறுவை டாக்டர். ஆனால் திறந்து பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றும் சொன்னார்.

செய்தி எங்கள் கூடத்துக்கு வந்தபோது அஜான் ரட்சனி ஒருமுறை கைதட்டிவிட்டார். தட்டின வேகத்திலேயே நிறுத்தி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வலி இல்லாத, காமாலை இல்லாத ஒரு மனிதரின் ரத்தத்தைப் படித்து, கண்ணுக்குத் தெரியாத நோயை எங்கள் புரதங்கள் சொல்லியிருக்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு முடிவு வந்ததில்லை. யாருக்கும் சந்தோஷப்படத் தெரியவில்லை. முப்பத்தொன்றாம் எண்ணை நல்லவர்கள் பக்கத்திலிருந்து எடுத்து நோயாளிகள் பக்கம் மாற்ற வேண்டும். நான் செய்கிறேன் என்றேன். அக்கா என் கையிலிருந்து மௌஸை வாங்கி, பச்சையைச் சிவப்பாக்கினார். பிறகு குழாய் கழுவப் போய்விட்டார்.

அறுவை அன்றைக்குக் காலையில் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா, கம்சிங்கின் மனைவி புவாலாய், நான். அந்த வராந்தாவில் வழக்கமாக இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கதவு சீக்கிரம் திறந்தால் நல்லதில்லை. திறந்து பார்த்து, உள்ளே எல்லா இடத்திலும் பரவியிருந்தால் டாக்டர்கள் எதையும் தொடாமல் அப்படியே தைத்துவிடுவார்கள். அதற்கு நேரமே ஆகாது. புவாலாய்க்கு இது தெரியாது. அக்காவுக்குத் தெரியும் என்பது அவர் கதவைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

பக்கத்து அறுவை அறைக்கு, உடோன் என்ற ஊரிலிருந்து வந்த ஒருவரைக் கொண்டுபோனார்கள். அவர் மகள் பொட்டலத்தைப் பிரித்துச் சோறு சாப்பிட ஆரம்பித்தாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தக் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் சந்தோஷமாக எழுந்தாள், "முடிஞ்சிருச்சா, இவ்வளவு சீக்கிரமா?" அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

எங்கள் கதவு திறக்கவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை கைப்பிடி அசைந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார், நகம் பதிந்தது. ஒரு நர்ஸ் ஏதோ பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள், திரும்ப ஓடி வந்தாள், கதவு மூடிக்கொண்டது.

மதியம் ஆனது. புவாலாய் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "அந்த ஆளுக்கெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சே. நம்மாளுக்கு மட்டும் ஏன் இன்னும் வரல? உள்ள ஏதோ ஆயிடுச்சு. எங்கிட்ட மறைக்கிறீங்க. போய்க் கேளு பிகுன், போய்க் கேளேன்!" என்று அழ ஆரம்பித்தார்.

அக்கா அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

"நேரமாகட்டும் அண்ணி. இன்னும் நேரமாகட்டும். வெட்டிக்கிட்டிருக்காங்க. வெட்ட முடியுது அண்ணி!"